ஓரகத்தியின் காது

காது மூக்கு தொண்டைப் பிரிவு என்று ஆஸ்பத்திரி மைக்கில் அறிவித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். புதிதாக வந்த பெரிய டாக்டருக்கு அது பொறுக்கவில்லை. 'ஓடோரைனோலாரிங்காலஜி' என்று முழுசாகச் சொல்ல வேண்டுமாம். காது மூக்கு தொண்டை என்றால் என்ன குறைந்தா போய்விடும்? சொல்லிப் பார்த்தேன், பாதியிலேயே நாக்கு மடங்கிவிட்டது. அதைத் தடுமாறாமல் சொல்பவருக்குத்தான் இனி மைக், இங்கே வேலை செய்யும் யாரும் வந்து சொல்லிக் காட்டலாம் என்றார்.

முதலில் பெயர் கொடுத்தவள் என் ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி, அங்கேயே பில் போடுகிறவள். பொறாமையா என்றால், ஆமாம், பொறாமைதான். வீட்டில் மாமியாருக்கு அவள் போட்ட டீதான் டீ. மைக்காவது என்னுடையதாக இருக்கக் கூடாதா?

அவளுக்குத் தெரியாமல் பழகினேன். சமையலறையில் வாயே திறக்கவில்லை. கேரட் நறுக்கும் கத்தியால் மட்டும் பலகையில் வார்த்தையைத் துண்டு போட்டேன். ஓ-டோ-ரை-னோ-லா-ரிங்-கா-ல-ஜி. ஓவுக்கும் லாவுக்கும் கொஞ்சம் அழுத்தம், காவில் ஓங்கி ஒரு போடு, மற்றதெல்லாம் லேசு. கை பழகப் பழக நாக்கும் வழிக்கு வந்தது. பக்கத்தில் நின்று அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் தெரியாதவள் போல.

சொல்லிக் காட்டும் நாளில் அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கதவில் காதை வைத்தேன். உள்ளே மேஜையில் விரல் தட்டும் சத்தம். ஐயோ, என் கத்திச் சத்தம்! அடுத்து அந்த வார்த்தை, வழுக்கிக்கொண்டு வந்தது.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க கேரட் நறுக்குற தாளத்துலயே சொல்லிட்டேன்கா! எங்க அழுத்தணும்னே எனக்குப் பிடிபடாம இருந்துச்சு." கையை உருவிக்கொண்டேன்.

உள்ளே போனேன். நானும் ஒரு பிசிறு இல்லாமல் சொன்னேன்.

பெரிய டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அட, அச்சு அசல் அவங்க மாதிரியே சொல்றீங்களே! அவங்க சொல்லிக் குடுத்தாங்களா?"

கேரட், கத்தி என்று ஆரம்பித்தால் பைத்தியம் என்பார்கள்.

"ஆமா சார்" என்றேன்.

"அப்ப மைக்க டீச்சர்கிட்டயே குடுத்துடலாம்."

மாலையில் அவள் வெங்காயத்தோடு வந்து பக்கத்தில் நின்றாள். நான் கேரட்டை நறுக்கவில்லை. முழுசு முழுசாகப் பாத்திரத்தில் போட்டேன்.