பெரிய வட்டம்

ஐரினுக்குக் கண் எரிந்தது. மாதக்கணக்கில் மதுரைச் சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தால் எரியாமல் என்ன செய்யும்? சாதியின் பெயரால் அரிவாள் தூக்கும் கும்பல்களை ஆராயச் சொல்லி, தல்லாகுளத்துப் போலீஸ் அலுவலகம் ஒன்றில் அவளை ஒப்பந்த வேலைக்கு எடுத்திருந்தார்கள். இந்த ஊரில் எவனும் ரகசியமாகக் கூட்டு சேர்வதில்லை. சுவரெல்லாம் ஃபிளெக்ஸ் கட்டி, அடியில் வரிசையாகப் படம் போட்டுக்கொள்கிறான். ஒரே ஃபிளெக்ஸில் இருப்பவர்களைக் கோடு போட்டு இணைத்தால் கம்ப்யூட்டரில் ஒரு வலை விரியும். அதிகக் கோடு சேரும் ஆள் பெரிய வட்டம். அவரை விலக்கினால் கும்பல் சிதறும் என்பது கணக்கு.

பெரிய வட்டம் நல்லகாமன். சில வருடங்களுக்கு முன் வெட்டுப்பட்டுச் செத்துப்போனவன். ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் கும்பல்களெல்லாம் அவன் நினைவு நாளில்தான் ஒன்றாகக் கூடின.

"செத்தவன விடுங்க மேடம். அடுத்து யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர் பால்பாண்டி. அவருக்கும் அலுப்புதான்.

அடுத்தது அவன் அம்மா மலையம்மாள். எல்லா அஞ்சலி ஃபிளெக்ஸிலும் கும்பிட்ட கையோடு இருந்தாள்.

"நினைவு நாளு அன்னிக்கு அந்தம்மா மேடை ஏறலேன்னா பாதிப் பேரு வர மாட்டானுக. நீங்க போயி பேசிப் பாருங்க. கேக்கலேன்னா அன்னிக்கு வாசல்ல போலீஸ் போட்டு, வெளிய விட மாட்டோம்."

விளாங்குடியில் மலையம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஐரின் சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, உங்கள முன்னாடி நிறுத்தித்தான் சின்னப் பயலுகளச் சேக்குறாங்க. இந்த வருஷம் போகாதீங்க."

"தெரியும் தாயி. அவனுகள எனக்கும் ஆகாது. போன வருஷம் கூட்டம் முடிஞ்சு போன பய ஒருத்தன், நேரா போயி ஒரு ஆள வெட்டிப்புட்டான். வெட்டுப்பட்டவனுக்கும் ஒரு ஆத்தா இருப்பால்ல?"

"பெறகு ஏன் போறீங்க?"

"சொந்தக்காரவுக என் முன்னாடி அவன் பேரையே எடுக்க மாட்டாக. நான் அழுதிருவேனாம். அன்னிக்கு ஒரு நாள்தான் அம்புட்டுப் பேரு என் மகன் பேரச் சொல்லக் கேக்குறேன். சரி, நான் போகல. வருஷா வருஷம் அன்னிக்கு நீ வந்து எங்கிட்ட அவன் பேரச் சொல்லுவியா?"

ஐரின் வாயைத் திறந்தாள். அவள் வேலை அடுத்த மாதத்தோடு முடிகிறது. பொய்யாகவாவது சரி என்று சொன்னால் இந்த அம்மா வீட்டோடு இருப்பாள், வாசலில் போலீஸும் நிற்காது. ஆனால் அந்த முகத்துக்கு நேராக அவளால் சொல்ல முடியவில்லை. அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"அவனுக வருவானுக தாயி," என்றாள் மலையம்மாள். "அவன் பேரச் சொல்லத் தவறாம வருவானுக."