சூடேற மறுத்த டீ

தாஸ் பைப்பில் புகை பிடிப்பதை நிறுத்திய திங்கட்கிழமையிலிருந்து அவர் வீட்டில் டீ சூடாகவில்லை. பால் பொங்கியது, சோறு வெந்தது, குளிக்க வைத்த வெந்நீர் கையைச் சுட்டது. டீத்தூள் விழுந்த பாத்திரம் மட்டும் அடுத்த நொடியே மண்பானைத் தண்ணீர் போல ஜில்லிட்டது. கேஸ் ஏஜென்சி ஆள் வந்து அடுப்பைக் கழற்றிப் பார்த்து, அடுப்பில் குறையில்லை, குறை டீயில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு அன்னம்மாள் தன் அடுப்பில் கொதிக்கக் கொதிக்கப் போட்டுக் கொண்டுவந்த டீயும் வாசற்படியைத் தாண்டியதும் ஆறிப்போனது. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் அந்த வருடம் வெயில் கடுமை என்பதால் சந்துக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஜோசபினக்கா, இந்த ரோஸ்மில்க் பாட்டில உங்க டீக்குள்ள கொஞ்ச நேரம் வெச்சுக் குடு, எங்க ஃப்ரிட்ஜ் ரிப்பேரு" என்று அன்னம்மாளே கேட்டு வாங்கிப் போனாள்.

தாஸின் மனைவி ஜோசபினுக்குத்தான் சிரிக்க முடியவில்லை. தங்கவயல் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் இழுத்த தூசி தாஸின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. இன்னும் ஒரு பைப் பிடித்தால் என்னிடம் கூட்டி வராதீர்கள் என்று மார்ச் மாதம் டாக்டர் சொல்ல, தாஸ் வீட்டுக்கு வந்ததும், வேலையை விடுகிறவன் பேட்ஜைத் திருப்பிக் கொடுப்பது போலப் பைப்பை மனைவி கையில் கொடுத்தார். கொடுத்த வாக்கை மீறவும் இல்லை. ஆனால் கல்யாணமான நாற்பத்தோரு வருடத்தில் அவர் அவளிடம் பேசியதெல்லாம் டீ குடிக்கும் அரை மணி நேரத்தில்தான்: ஒரு வாய் டீ, ஒரு இழுப்பு புகை, ஒரு வாக்கியம். மகளுக்குப் பிரிசில்லா என்று பெயர் வைத்ததும், சுரங்கம் மூடியபின் பெங்களூருக்கு ரயிலேறலாம் என்று முடிவெடுத்ததும் அந்த அரை மணியில்தான். இப்போது ஆறிய கோப்பையைத் தள்ளி வைத்தார். பேச்சும் கூடவே தள்ளிப் போனது. பிறகு சோற்றையும் தள்ளினார். ஐம்பத்தெட்டு கிலோ மனிதர் செப்டம்பரில் நாற்பத்தேழுக்கு வந்தார். "பிரிசி டாடி, என்ன திட்டியாவது எதுனா பேசுங்களேன்" என்பாள். அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதில் டீயைக் குறை சொல்லவும் முடியாது. தாஸின் அப்பா சாமுவேல் தங்கவயல் ஆபீசர் கிளப்பில் பட்லராக இருந்தவர். ஊட்டி டீப் பெட்டியும் சீமைப் புகையிலை டின்னும் ஒரே வண்டியில் வந்து கிளப்பில் ஒரே அலமாரியில் இருந்தன. இரண்டும் இலை, வாட்டி உலர்த்திய கைகள் கூலிக்காரர்களுடையவை, ருசித்த நாக்குகள் துரைமார்களுடையவை. பால் சேர்க்காத டீக்கு வெளிர் புகையிலை, பாலும் சர்க்கரையும் போட்ட டீக்குக் கறுத்த புகையிலை, மாற்றி வைத்தால் பட்லருக்கு வசவு. துரைமார்கள் கப்பலேறியபோது ஒருவர் பைப்பை மறந்துவிட்டுப் போனார். சாமுவேல் அதைக் கழுவித் தானே ருசி பார்த்தார்; எந்த டீக்கு எந்தப் புகையிலை என்ற பட்லரின் சட்டத்தோடு பைப் மகனுக்கு வந்தது. அத்தனை காலம் சேர்ந்தே இருந்தவற்றில் ஒன்றைப் பிரித்துவிட்டு மற்றதைக் கொதி என்றால் அது எப்படிக் கொதிக்கும் என்று ஜோசபின் ஒருநாள் அடுப்பிடமே கேட்டாள்.

அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். பைப்பை வாங்கிக்கொண்ட அன்று, பாதி மிஞ்சிய கறுத்த புகையிலைப் பொட்டலத்தைத் தூக்கிப் போட மனம் வராமல், துணியில் சுற்றி, பெரிய டீத்தூள் டின்னுக்குள் புதைத்து வைத்தாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து தாஸ் கை வைக்காத ஒரே இடம் அதுதான். டீத்தூள் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தைக் குடித்துவிடும் என்று பெருங்காயத்தை டீயருகே வைக்காத அவளுக்கு அன்று அது தோன்றவில்லை. தினமும் ஒரு கோப்பை போட்டுப் பார்க்கச் சின்ன டப்பாவே போதுமாக இருந்ததால் பெரிய டின் ஆறு மாதம் திறக்கப்படவில்லை. செப்டம்பரில் சின்ன டப்பா காலியானது.

மழை பெய்த ஒரு நாலு மணிக்கு டின்னைத் திறந்ததும் அவள் கணவனின் சட்டை வாசம் எழுந்தது. பயந்து பொட்டலத்தைச் சாக்கடையில் எறிந்தாள். தூளையும் கொட்டத்தான் போனாள். கொட்டுவதற்கு முன் ஒரு கரண்டி போட்டுப் பார்த்தாள். டீ பொங்கி அடுப்பை அணைத்தது. முதலில் அவளே குடித்தாள். மூச்சை விட்டபோது இரண்டு மூக்குத் துவாரத்திலிருந்தும் நீலமாகப் புகை வந்தது. இருமல் இல்லை. டாக்டர் வாங்கச் சொன்ன, ஆக்சிஜன் அளவு காட்டும் மெஷினைத் தன் விரலில் மாட்டினாள்: தொண்ணூற்றெட்டு. அடுத்த கோப்பையைத் தாஸிடம் நீட்டி, "வெரல எடுக்காதீங்க, கொறஞ்சா கீழ ஊத்திடுவேன்" என்று மெஷினை மாட்டிவிட்டாள். தொண்ணூறு காட்டியது. ஒரு வாய் குடித்தார். புகை சுவர்க் காலண்டர்வரை போனது. தொண்ணூற்றொன்று. இன்னொரு வாய். தொண்ணூற்றிரண்டு.

"ஜோசு," என்றார் தாஸ், ஆறு மாதத்துக்குப் பிறகு. "இன்னா இது, கறுத்த சரக்குக்கு இவ்ளோதான் சக்கரையா? எங்கப்பன் இருந்தா ஒதைப்பான்."

அவள் அழுதுகொண்டே இரண்டு கரண்டி போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பொம்மனஹள்ளியிலிருந்து வந்த மகள் பிரிசில்லா வாசலிலேயே கத்தினாள்: "மம்மி! டாடிக்கு மறுபடியும் பைப் குடுத்தியா?" அவளுக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள். புகை விட்டபடியே ஆபீஸ் போன் பேசி முடித்து, இன்னும் கொஞ்சம் இருக்கா என்று கேட்டாள். ஜெபத்துக்கு வந்த ஃபாதர் புகையோடு ஆசீர்வதித்துவிட்டு இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தார். அன்னம்மாளுக்கு மட்டும் ரோஸ்மில்க்கை எங்கே வைப்பது என்ற வருத்தம்.

தூள் தீரத் தீர ஜோசபின் புதுத் தூளை மேலே கொட்டிவைக்கிறாள். பழையது புதியதற்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. தாஸ் இப்போது ஐம்பத்து மூன்று கிலோ. பைப்பும் இப்போது அந்த டின்னுக்குள்தான் கிடக்கிறது. டீத்தூள் அள்ளுவது புகையிலை அடைக்கும் அதன் கிண்ணத்தால்தான். தலை தட்டி எடுத்தால் சரியாக இரண்டு பேருக்கு வருகிறது.