தொண்ணூற்றெட்டில் நின்ற முள்

காலை ஆறு இருபது. பூதலிங்கம் பனியனையும் கழற்றிவிட்டு எடைக்கருவியின் மேல் ஏறி நின்றார். முள் ஆடி, தொண்ணூற்றெட்டில் நின்றது. இருபத்திரண்டு வாரமாக அங்கேதான் நிற்கிறது.

வயது ஐம்பத்திரண்டு. தம்பானூரில் ஒரு லாட்ஜின் மேலாளர், வீடு கரமனையில். மூன்று வருடம் முன்பு நூற்று நாற்பத்தாறு கிலோ இருந்தார். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்து, மிச்சத்தைக் குழாய்போல ஆக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். முதல் வருடம் உடம்பு மளமளவென்று இறங்கியது. பிறகு மெதுவாக. பிறகு நின்றுவிட்டது.

எண்பதுக்கு வந்தாக வேண்டும் என்று நினைத்திருந்தார். காரணம் மனைவி நீலாம்பாளுக்கு மட்டும் தெரியும்.

இங்கே கோயிலுக்குள் போகும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். கல்யாணமான புதிதில் கழற்றினார். மச்சினன் மஹேஷ் அவருடைய நெஞ்சைப் பார்த்துவிட்டு, "அக்கா ஜாக்கெட்டு அத்தானுக்கும் ஆவும் போலிருக்கே" என்றான். கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து வீட்டார் உள்ளே போவார்கள். பூதலிங்கம் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்பார். மகள் திவ்யலட்சுமியின் சோறூட்டுச் சடங்கு கோயிலில் நடந்த அன்றும் அப்படித்தான். குழந்தையை மடியில் வைத்து முதல் சோற்றை ஊட்டியது மஹேஷ்.

இப்போது திவ்யாவின் மகனுக்கு ஐந்து மாதம். அடுத்த மாதம் சோறூட்டு.

"அப்பா, இந்தத் தடவை உங்க மடியிலதானே?" என்று திவ்யா போனில் கேட்டாள்.

"பாப்போம் மக்களே" என்றார். அன்றே மருத்துவமனையில் நேரம் வாங்கினார்.

"இன்னொரு ஆப்பரேஷன் செய்யணும் டாக்டரே. இரைப்பைய பைபாஸா மாத்தலாம்னு யூடியூப்புல பாத்தேன்."

டாக்டர் ஹரிகுமார் எண்டோஸ்கோப்பி அறிக்கையை நிதானமாகப் படித்தார்.

"நெஞ்செரிச்சல் உண்டா?"

"இல்ல."

"ஷுகருக்கு உள்ள குளிகை?"

"நிறுத்தி ரெண்டு வருஷம்."

"உறங்கும்போ மூக்குல மாட்டுற மெஷின்?"

"பரண்ல கெடக்கு."

"மாடி ஏறுவீங்களா?"

"லாட்ஜுல நாலு மாடி. தினம் ரெண்டு வாட்டி."

"அப்போ எனக்கு ஒரு காரியம் மனசிலாகல சாரே. நான் எதை ரிப்பேர் பண்ணணும்?"

டாக்டரே தொடர்ந்தார். "மருந்துக்கு அடங்காத நெஞ்செரிச்சல் இருந்தா மாத்துவேன். இரைப்பை விரிஞ்சு, குறைஞ்ச எடை திரும்ப ஏறி, ஷுகரும் வந்தா ஆலோசிப்பேன். ரெண்டாவது தடவை வயித்தைத் திறக்கறதுல ஆபத்து கூடுதலாக்கும். உங்களுக்கு எல்லாம் நல்லா இருக்கு. இறங்கி வந்த உடம்பு ஒரு இடத்துல நிக்கறது தோல்வி இல்ல. எண்பதுன்னு யாரு சொன்னா?"

பூதலிங்கம் சட்டைப் பொத்தானைத் திருகினார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "சட்டை கழட்டறதுக்கு ஆப்பரேஷன் கிடையாது சாரே" என்றார். "ஸ்வப்னாவைப் பாத்துட்டுப் போங்க."

உணவு ஆலோசகர் ஸ்வப்னா ஒரு நாளைக்கு வாயில் போவதை எல்லாம் கேட்டு எழுதினாள். லாட்ஜுக்கு வருகிறவர்களோடு குடிக்கும் சீனிக் காப்பி ஆறு. மேசை இழுப்பறையில் மிக்சர் பொட்டலம்.

"கொஞ்சம் கொஞ்சமாத்தானே கொறிக்கேன்" என்றார்.

"அந்தக் கொஞ்சம்தான் சார் முள்ளைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு." முட்டை, பயறு கூட்டச் சொன்னாள். உடம்புக்கு வலு வர உடற்பயிற்சி எழுதிக் கொடுத்தாள். "தினமும் எடை பாக்க வேண்டாம். மாசத்துல ஒருநாள் போதும்."

நீலாம்பாள் அன்று மாலையே எடைக்கருவியையும் பரணில் ஏற்றிவிட்டாள்.

சோறூட்டு நாள். குடும்பம் உள்ளே போயிற்று. பூதலிங்கம் வாசலில், பதினோரு ஜோடிச் செருப்புக்கு நடுவில் நின்றார்.

பூதலிங்கத்தையும் நீலாம்பாளையும் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரன் சுதீஷ் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டான். அவனுக்கு முன்னால் அவன் வயிறு நடந்தது. "சாரே, இதும் ஒண்ணு நோக்கிக்கோணே" என்று தன் செருப்பையும் விட்டுவிட்டு உள்ளே போனான். பூதலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஒருவரும் திரும்பவில்லை. எல்லார் கண்ணும் சன்னதிப் பக்கம்.

நீலாம்பாள் வாசலுக்கு வந்தாள். "அவனவனுக்கு அவனவன் வேண்டுதல். உங்க நெஞ்சை எவன் பாக்கான்? எதுக்கு இன்னும் நிக்கிய? புள்ளை பசியில அழுகான். மஹேஷ் வேட்டிய ஒதுக்கிட்டு உக்காரப் போறான்."

பூதலிங்கம் பொத்தானில் கை வைத்தார். முதல் பொத்தான்தான் சிரமமாக இருந்தது.

"நகருடே மக்கா" என்றார், உள்ளே உட்காரப் போன மஹேஷிடம். கல்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். எதையும் பிடித்துக்கொள்ளாமல். திவ்யா குழந்தையைக் கொடுத்தாள்.

நூற்று நாற்பத்தாறு கிலோவில் அவருக்கு மடியே இருந்ததில்லை. உட்கார்ந்தால் வயிறு முழங்கால்வரை வந்துவிடும். இப்போது ஒரு குழந்தை உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. பையன் சரியாகப் பொருந்தினான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் மூன்று மாதம் எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்த நீலாம்பாளைப் பார்த்தார். இரண்டாம் முறை கத்தியை எடுக்க மறுத்த டாக்டரை நினைத்தார். அந்த மெலிந்த இரைப்பைக்கும் சேர்த்து மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டார். பாயசச் சோற்றைத் தொட்டு ஊட்டினார். பையன் பாதியைத் துப்பினான். தாத்தாவின் நெஞ்சில் தொங்கிய தோல்மடிப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வெளியே வந்ததும் மஹேஷ் எல்லாருக்கும் கேட்கும்படி, "என்ன அத்தான், ஆப்பரேஷன் பண்ணியும் இவ்வளவுதானா? இப்ப எத்தனை கிலோ?" என்றான்.

திவ்யாவின் முகம் மாறியது. பூதலிங்கத்தின் சட்டை இன்னும் தோளில்தான் கிடந்தது. அவர் அதை மாட்ட அவசரப்படவில்லை.

"இருபத்தேழு வருஷமா எத்தனை கிலோ, எத்தனை கிலோன்னே கேக்கே. ஒரு மனுஷன்கிட்ட கேக்க வேண்டியது எடை இல்லடே, சொகம். 'அத்தான், சொகமா இருக்கியளா'ன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கியா மக்கா?"