வாசலிலிருந்து பேசுகிறேன்

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது என்பது இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

கேட்காது என்றால் அடியோடு கேட்காது என்று இல்லை. பக்கத்தில் நின்று கத்தினால் கேட்கும். கத்தினால், "எதுக்கு இப்படிக் கத்துறே, நான் என்ன செவிடா?" என்பார். மெதுவாகச் சொன்னால், "வாய்க்குள்ளயே முணுமுணுக்காதே" என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குரல் இருக்கிறதா என்று இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். என் தொண்டைதான் போயிற்று.

அவர் டெலிபோன் ஆபீசில் லைன்மேன். முப்பத்துநாலு வருஷம் கம்பம் ஏறியவர். நான் அதே ஆபீசில் ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்லிச் சொல்லியே முடி நரைத்தவள். அவர் எங்கேயோ கம்பத்து உச்சியில் உட்கார்ந்துகொண்டு, "ஹலோ, டெஸ்டிங்" என்பார். நான், "கேக்குது, இறங்குங்க" என்பேன். கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் பார்த்துக்கொண்டதைவிட லைனில் பேசிக்கொண்டதுதான் அதிகம். லைனில் மனுஷர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தார் தெரியுமா! சரி, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

எங்களுக்கு ஒரே மகள். போன வருஷம் அவள் வீட்டில் ஒரு விருந்து. அவளுடைய மேலதிகாரி வந்திருந்தார். பாவம், மூன்று வாரம் முன்னால்தான் அவருடைய அப்பா தவறிப்போயிருந்தார். அந்த மனுஷர் இவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் நடந்ததை எல்லாம் கண் கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் தலையைத் தலையை ஆட்டிவிட்டு, கடைசியில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப சந்தோஷம்" என்றார்.

எங்கள் மானம் கப்பலேறியது. மகள் ஓடி வந்து, "சார், தப்பா நினைக்காதீங்க, அப்பாவுக்குக் காது கேக்காது" என்று சொல்லிவிட்டாள். அது மட்டும் இவருக்குக் கேட்டுவிட்டது! தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். மறுநாள் அவள் காதில் மாட்டும் மிஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல் ஆயிற்று. "என்னைச் செவிடன்னு ஊரறியச் சொன்னவ இனிமே இந்தப் படி ஏற வேண்டாம்" என்றார். அவள் என் மகள் ஆயிற்றே. ஏறமாட்டேன் என்று இறங்கிப் போனவள்தான்.

பத்து மாசம் கழித்து அவளே இறங்கி வந்தாள். நான் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம். கதவைத் தட்டியிருக்கிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால், இவர் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டிருக்கிறாள். திரும்பவே இல்லை. அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள்.

"பதினொரு தடவ தட்டினேம்மா. எண்ணினேன்."

"அவருக்குக் கேட்டிருக்காதுடி."

"அவருக்குத்தான் நல்லா கேக்குமே. அவரே சொன்னாரே. போதும்மா. இந்த மாசக் கடைசில எனக்கு வெளியூருக்கு மாத்தல். போயிட்டா நான் வரப்போறதில்ல, நீயும் கூப்பிடாதே."

 போனை வைத்துவிட்டு நேராக இவர் முன்னால் போய் நின்று, நடந்ததை எல்லாம் உரத்த குரலில் ஒப்பித்தேன். மனுஷர் முகம் வெளுத்துவிட்டது. 

"எத்தன தடவ தட்டினாளாம்?"

"பதினொண்ணு."

கதவைப் போய்த் தடவிப் பார்த்தார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். "இந்தக் கதவு சரியில்ல. கனம் ஜாஸ்தி. சத்தம் உள்ள வராது" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கதவிலேயே முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனாலும் மறுநாள் கடைக்குப் போய் அழைப்புமணி ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். அழுத்தினால் குருவி மாதிரி கீச்சுக்கீச்சென்று கத்தும். நான் வெளியே நின்று அழுத்துகிறேன், அழுத்துகிறேன், இவர் உள்ளே நின்று மணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். "மட்டமான சரக்கு. சத்தமே வரல. திருப்பிக் குடுத்துடு" என்றார். எதிர்வீட்டு நாய் குரைக்கிறது, அதற்குக் கேட்கிறது!

அதற்குப் பிறகுதான் பரணில் ஏறினார். ஆபீசில் கழித்துப் போட்டபோது கேட்டு வாங்கி வந்த பழைய கறுப்பு டெலிபோன்கள் இரண்டு அங்கே கிடந்தன. விரலை விட்டுச் சுழற்றுகிற சாதி. தூக்கி எவன் தலையிலாவது போட்டால் ஆள் காலி, போனுக்கு ஒன்றும் ஆகாது. அதில் ஒன்றைக் கூடத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே இரண்டு பித்தளைக் கிண்ணம், நடுவில் குட்டிச் சுத்தியல். வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுத்தால் கருகிவிடுமாம். ஓடிக்கொண்டிருந்த என் ரேடியோவைக் குடைந்து ட்ரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கினார். நான் கத்தினேன். கேட்கவில்லை என்று இருந்துவிட்டார். அந்த மாதிரி நேரத்தில் நிஜமாகவே கேட்கவில்லையா, இல்லை நடிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முதல் நாள் ஃபியூஸ் போயிற்று. இரண்டாம் நாள் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். மூன்றாம் நாள் வாசலில் பட்டனை அழுத்தினேன் பாருங்கள், 'ட்ரிங்ங்ங்' என்று வீடே அதிர்ந்தது! உள்ளே இவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாடா, இவருக்குக் கேட்கிற ஒரு மணி இந்த உலகத்தில் இருக்கிறது என்று நினைத்தேன்.

துள்ளி எழுந்தவர் வாசலுக்கு வரவில்லை. நேராக மேஜைக்குப் போய் ரிசீவரை எடுத்து, "ஹலோ" என்றார்.

மணி நின்றுவிட்டது. ரிசீவரை எடுத்தால் மணி நிற்கிற மாதிரிதான் கம்பி கொடுத்திருந்தார். அந்தக் கம்பியை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? "அது எப்படி? ரிசீவரை எடுத்தா மணி நிக்கணும். இல்லேன்னா அது போனா?" என்றார். அது போன் இல்லை, அழைப்புமணி என்று எழுதியே காட்டினேன். பிரயோஜனம் இல்லை.

மறுநாள் காலை கேஸ் சிலிண்டர்காரர் வந்து மணியடித்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். இவர் ரிசீவரை எடுத்து, "ஹலோ, யாரு? ஹலோ!" என்று பத்துத் தடவை கத்திவிட்டு, "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். மறுபடி மணி. மறுபடி ஹலோ. நான் ஈரத்தலையோடு ஓடி வருவதற்குள் சிலிண்டர்காரர் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை தாண்டிவிட்டார்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். "மணியடிச்சா கதவத் திறக்கணும்னு கூடவா தெரியாது?" என்று ஒரு மணி நேரம் ஆடித் தீர்த்தேன். சாயங்காலம் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது மணியடித்தது. நான் அடுக்களையிலிருந்து ஓடி வந்து, ரிசீவரை எடுத்து, "நம்பர் ப்ளீஸ்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தால் இவர் ஒரு கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார். அசடு வழிந்துகொண்டு ரிசீவரை வைத்தேன். அதற்குப் பிறகு திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

மறுநாள் இரண்டாவது டெலிபோனையும் பிரித்தார். அதன் ரிசீவரை வாசலில் பட்டனுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டிக்குள் மாட்டினார். நாலு பேட்டரி, சுவர் ஓரமாக ஒரு கம்பி. வருகிறவர்கள் மணியடித்துவிட்டு ரிசீவரை எடுத்துப் பேச வேண்டும். மூன்றடி தள்ளி நிற்கிற ஆளோடு பேச டெலிபோன்! தெருவே வேடிக்கை பார்த்தது.

சிலிண்டர்காரர் மறுபடி வந்தார். நான் உள்ளே கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மணியடித்தது. இவர் எடுத்தார்.

"ஹலோ."

"ஐயா, கேஸ் வந்திருக்கு. அக்கா இருக்காங்களா? புக்கை எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"இருக்கா. புக்கு அலமாரிக்கு மேல இருக்கு, எடுத்துட்டு வருவா. இரு."

நான் அப்படியே நின்றுவிட்டேன். சாதாரணக் குரலில் சொன்ன மூன்று பேச்சு. ஒன்றைக்கூட 'என்ன?' என்று இவர் திருப்பிக் கேட்கவில்லை. பேச்சு காதுக்குள்ளேயே போய் விழுகிறது, சத்தத்தையும் கூட்டி வைத்திருக்கிறார். ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "பாத்தியா? என் காதுல ஒரு கோளாறும் இல்ல. நீங்கதான் ஒழுங்கா பேசறதில்ல" என்றார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று ராத்திரியே மகளைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். ஒரே தடவை வா, மணியடி, போதும் என்றேன். அவள் கிளம்ப இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

"ஒரே தடவ அடிப்பேன். கதவு திறக்கலேன்னா அப்படியே போயிடுவேன்."

"சரி. அடிச்சுட்டு, பெட்டிக்குள்ள ரிசீவர் இருக்கும், எடு."

"எதுக்கு?"

"எடுடீன்னா எடு."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்னாள். இவரிடம் நான் மூச்சு விடவில்லை. கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். நாலு பல் உரிக்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டு நிறைய உரித்துவிட்டேன்.

மணியடித்தது. ஒரே தடவை. இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நிதானமாகப் போய் எடுத்தார்.

"ஹலோ."

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் எனக்கு லேசாகக் கேட்டது.

"அப்பா. நான்தான்."

இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டார். 

"எங்கேருந்து பேசுற?"

"வாசல்லேருந்து."

"லைன் நல்லா இருக்கும்மா. பக்கத்துல இருந்து பேசுற மாதிரியே இருக்கு."

அவள் சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை. நான் தாழ்ப்பாளில் கையை வைத்தேன். இவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"அன்னிக்கு நீ வந்தியாமே. பதினொரு தடவ தட்டினியாமே."

"ம்."

"எனக்குக் கேக்கலம்மா."

"கதவு கனமா இருக்குன்னு அம்மாகிட்ட சொன்னீங்களாமே?"

இவர் கதவை ஒரு தடவை பார்த்தார். "கதவுல ஒண்ணுமில்ல. என் காதுதான்" என்றார்.

இரண்டு வருஷமாக நான் தொண்டை கிழியக் கத்தி வாங்க முடியாத வார்த்தை அது.  சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பழக்க தோஷம், அந்தக் காலத்தில் வெளியூர் ட்ரங்க் கால்களுக்கு மூன்று மூன்று நிமிஷமாகக் கணக்குச் சொன்ன வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மூணு நிமிஷம் ஆச்சு."

கடிகாரத்தையும் என் வாயசைவையும் பார்த்தே இவர், "இன்னொரு மூணு நிமிஷம் போடு" என்றார்.

வெளியே அவள், "அப்பா, கதவத் திறங்கப்பா, உள்ள வந்து பேசறேன்" என்றாள்.

"திறக்கறேம்மா. திறந்துட்டா நீ பேசறது எனக்குக் கேக்காதே. இப்படியே கொஞ்ச நேரம் பேசிட்டு அப்புறம் வா."

அவள் பேச ஆரம்பித்தாள். புது ஊர், புது வீடு, சாமான் கட்டியது என்று ஒன்று விடாமல் சொன்னாள். இவர் ஒவ்வொன்றுக்கும் சரியாக, அந்தந்த இடத்தில், "ம்" கொட்டினார்.

நான் பின்வாசல் வழியாக ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவளுக்குப் போட்டேன்.