இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும்

கடைத்தெருவில் அவளை எல்லோரும் 'முதல் பக்கம்' என்றுதான் கூப்பிடுவார்கள். போனில் யார் எதைத் தேடினாலும் உங்கள் கடையை முதல் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மூக்குக்கண்ணாடிக் கடை, பல் டாக்டர், பூட்டு சரிசெய்கிறவர் என்று முப்பது பேருக்கு அவள் அந்த வேலையைச் செய்து வந்தாள். ஆனால் முதன்முதலில் கைவைத்தது அண்ணன் கடையில்தான்.

அண்ணன் ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு விடுகிறவர். கடை ஓர் அறைதான். இடுப்புயரச் சிலிண்டர்கள் சங்கிலி கட்டி வரிசையாக நிற்கும். மேஜைமேல் மூக்குக் குழாய்களும் முகமூடிகளும் கிடக்கும். தங்கச்சி அந்தக் கடைக்காக என்னவெல்லாமோ செய்தாள். பெயரும் முகவரியும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும்படி திருத்தினாள். மேப்பில் புள்ளியைச் சரியான வாசலில் கொண்டுவந்து வைத்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தாரிடமும் சக்கர நாற்காலி விற்கிறவரிடமும் கேட்டு, அவர்கள் பக்கத்தில் அண்ணன் கடைக்கு லிங்க் போட வைத்தாள். மூச்சுத் திணறுகிறவர் இருக்கும் வீட்டில் யாரும் நிதானமாக எழுத்துக்கூட்டி அடிப்பதில்லை, பாருங்கள். 'ஆக்சிஜன் உடனே', 'பக்கத்தில் சிலிண்டர்' என்று இரண்டு வார்த்தைதான். அந்த வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்துக் கடையின் விவரத்தில் நெருக்கி நெருக்கிச் சேர்த்தாள்.

அப்படியும் கடை மூன்றாவது இடத்தைவிட்டு நகரவில்லை. ஆஸ்பத்திரியின் பின்வாசலில் இருந்த ஒரு கடைதான் எப்போதும் மேலே நின்றது. அது ராப்பகலாகத் திறந்திருக்கிற கடை.

"அண்ணா, நீ எத்தனை மணி வரைக்கும் இருப்பே?"

"எட்டு வரைக்கும். ஞாயித்துக்கிழமை லீவு. ஆனா போன் எப்போ அடிச்சாலும் எடுத்துடுவேன். நீயே பாத்திருக்கியே, குளிக்கும்போதும் கையோட எடுத்துட்டுப் போவேன்."

"அப்போ திறந்திருக்கிற மாதிரிதானே?"

"அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

'இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும்' என்ற கட்டத்தில் அவள் ஒரு டிக் போட்டாள். இரண்டே வாரத்தில் அண்ணன் கடை முதலிடத்துக்கு வந்தது. பின்வாசல் கடை அடுத்த பக்கத்துக்கு இறங்கியது. மாதாமாதம் எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று கணக்கு வரும். அதை அண்ணிக்குப் படித்துக் காட்டுவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். "உன் வாயால கேட்டாத்தான் அந்தக் கணக்கே எனக்குப் புரியுது" என்பாள் அண்ணி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். மூன்று பேரும் போயிருந்தார்கள். அண்ணனின் சட்டையில் பை இல்லாததால் போன் அண்ணியின் கைப்பைக்குள் போய்விட்டது. மண்டபத்தில் பாட்டுச் சத்தம் வேறு.

புதன்கிழமை காலையில் கடைக்கு வந்திருந்த கருத்துகளைப் பார்க்க உட்கார்ந்தாள். புதிதாக ஒன்று, ஒரே ஒரு நட்சத்திரத்தோடு.

'ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்கு வந்தேன். எப்போதும் திறந்திருக்கும் என்று போட்டிருந்தது. பூட்டியிருந்தது. ஒன்பது தடவை போன் செய்தேன். வேறு கடையில் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்வதற்குள் அம்மா போய்விட்டாள். இதை நம்பி யாரும் வராதீர்கள்.'

மேஜையில் தேநீர் ஆறி ஆடை படிந்தது. அவள் எழுந்து கடைக்கு நடந்தாள்.

அண்ணன் அதை முன்பே படித்திருந்தார். "கீழ தள்ளிடு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "சொந்தக்காரங்க இருபது பேரை நல்லதா நாலு வரி எழுதச் சொல்லு. இது அடியில போயிடும்ல?"

"போயிடும்."

"அப்புறம் என்ன?"

"அந்த ஒன்பது கால்?"

அண்ணன் ஒரு சிலிண்டரின் சங்கிலியை அவிழ்த்து மறுபடியும் மாட்டினார். "சாயங்காலம் பாத்தேன். திருப்பி அடிச்சேன். எடுக்கல. தேவைப்பட்டா மறுபடி கூப்பிடுவாங்கன்னு விட்டுட்டேன்."

உள்ளே குழாய் சுற்றிக்கொண்டிருந்த அண்ணி சொன்னாள்: "அந்தம்மாவுக்கு என்ன வயசோ, என்ன வியாதியோ. நம்மளாலதான்னு யாரு கண்டா? நம்ம கடை பேரு கெட்டா நாளைக்கு வர்றவங்களும் வர மாட்டாங்க. அதையும் யோசிச்சுக்கோ."

அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவள் வீட்டுக்கு வந்து சொந்தக்காரர்கள் குழுவில் 'எல்லாரும் ஒரு சின்ன உதவி பண்ணணும்' என்று அடித்தாள். பல் டாக்டருக்கு ஒருமுறை இப்படிச் செய்திருக்கிறாள். அரை நாள் வேலை. அனுப்புவதற்கு முன், பழக்கதோஷத்தில் கடையின் கணக்கைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே இருந்தது: அழைப்புகள் ஒன்பது. வழி கேட்டவர்கள் ஒருவர்.

இத்தனை நாளும் எத்தனை பேர் என்று எண்ணியிருக்கிறாள், யார் என்று நினைத்ததில்லை. அடித்ததை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். பிறகு டிக்கை எடுத்துவிட்டு, காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை, ஞாயிறு விடுமுறை என்று மாற்றினாள். அந்தக் கருத்துக்குக் கீழே எழுதினாள்: 'நேரத்தைத் தப்பாகப் போட்டது கடைக்காரரின் தங்கை நான். பொய் என்று தெரிந்தேதான் போட்டேன்.'

அண்ணன் அதைப் படித்துவிட்டு அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அந்த ஒன்பது அழைப்பும் வந்த எண்ணை மட்டும் அண்ணி ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள்.

அந்தக் கருத்தை எழுதியவர் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர். பாதி கட்டிய ஒரு வீட்டில் முழங்காலிட்டு வேலை செய்துகொண்டிருந்தார். அவள் வாசலிலேயே நின்றாள்.

"எழுதினதை எடுக்கச் சொல்ல வந்தீங்களா?"

"இல்லைங்க. அது இருக்கட்டும். நான்தான் போட்டேன்னு நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

"சொல்லியாச்சுல்ல." அவர் ஈரச் சிமென்டை வழித்துப் பரப்பினார். "அப்புறமா நான் வாங்கின கடை எது தெரியுமா? ஆஸ்பத்திரி பின்வாசல். எங்க வீட்லேருந்து ஆறே நிமிஷம். உங்க கடைக்கு இருபது. இத்தனை பக்கத்துல இருக்கிறதை போன் ஏன் எனக்கு முதல்ல காட்டல?"

இதை அவர் கேட்பார் என்று அவள் நினைக்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார்.

"அதைக் கீழ தள்ளினதும் நான்தாங்க. அது என் வேலை."

அவர் கரணையைக் கீழே வைத்தார். திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"இன்னும் கீழதான் கிடக்குதா?"

அவள் தேடிப் பார்த்தாள். "ஆமாங்க. மேப்புல புள்ளி அடுத்த தெருவுல இருக்கு. போன் நம்பரும் இல்ல."

"அதை மேல கொண்டாந்து வைங்க."

"சரிங்க."

"சரின்னு எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது. அங்க போங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பின்வாசல் கடையை நடத்துவது இரண்டு சகோதரிகள். போட்டிக் கடையின் தங்கச்சி என்றதும் மூத்தவள் மேலும் கீழும் பார்த்தாள். "தள்ளிவிட்டவங்களே தூக்கிவிட வந்திருக்கீங்களா? நல்ல கூத்து." நடந்ததை முழுக்கக் கேட்ட பிறகு நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"ரெண்டு பேரும் இல்லாத நேரம்னு ஏதாவது உண்டாக்கா?"

"கிடையாது. ஒருத்தி தூங்கினா ஒருத்தி முழிச்சிருப்போம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"லாரி வந்து சிலிண்டர் இறக்குவாங்க, செவ்வாய் சாயங்காலம். அந்த அரைமணி நேரம் முன்கதவைச் சாத்துவோம். பக்கத்துக் கதவைத் தட்டினா குடுப்போம்."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

"அடியம்மா, இதைக்கூடவா போடுவாங்க? அதைப் பாத்து மேப்புக்காரன் நம்மளைக் கீழ இறக்கிட மாட்டானா?"

"இறக்கினா வேற வழியில ஏத்துறேன்க்கா. இது இருக்கட்டும்."

புள்ளியைச் சரியான வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன். நாலு நாளுக்குப் பிறகு.

"அங்கதான் இருக்கியாமே. அண்ணி சொன்னா."

"ஆமாண்ணா."

அந்தப் பக்கம் சிலிண்டர் சங்கிலி உரசும் சத்தம் கேட்டது.

"அவங்ககிட்ட சின்ன சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துடும்" என்றார் அண்ணன். "தீர்ந்தா எனக்குப் போன் பண்ணச் சொல்லு. எட்டு மணி வரைக்கும்தான் இருப்பேன், ஞாயித்துக்கிழமை இருக்க மாட்டேன். அதைத் தெளிவா சொல்லிடு."