1815-க்கான துளை

1949 மே மாதம் இருபதாம் தேதி காலை, ஹார்லன் விட்கோம்ப் 1811-ஆம் ஆண்டின் அரை டாலர் வெள்ளி நாணயத்தைத் தன் புது நாணய ஆல்பத்தின் அட்டைத் துளையில் முதலாவதாகக் கட்டைவிரலால் அழுத்தினார். அது டக்கென்று உட்கார்ந்ததும், அவர் வீட்டின் மேல் மட்டும் 1811-ஆம் ஆண்டு மே மாதத்தின் வானிலை வந்து இறங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் நல்ல வெயில், இந்தப் பக்கம் உறைபனி. சரியாக ஏழு நாள் நின்றுவிட்டுப் போனது. வெர்மான்ட் மாநிலத்தில், எங்கள் டன்மோர் மில்ஸில், அது ஆப்பிள் பூக்கும் நேரம். அவர் மனைவி லொரீனாவின் பதினான்கு மரங்களிலும் பூ கருகிற்று, இரண்டு பெட்டித் தேனீக்கள் செத்தன. லொரீனா செத்த தேனீக்களை முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். "நாணயம் சேக்க வேண்டாம்னு சொல்லல. என் தேனீயைக் கொன்னுட்டுத்தான் சேக்கணுமா?" என்று கேட்டாள். அன்றைக்கு ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. நவம்பரில் அறுவடை முடிந்து, தேன்பெட்டிகளுக்குக் குளிர் தாக்காமல் தார்த்தாள் சுற்றிய பிறகு, வருஷத்துக்கு ஒரே ஒரு நாணயம். ஹார்லன் அதை ஒருமுறைகூட மீறவில்லை.

ஆல்பம் 1807-இல் தொடங்கி 1836-இல் முடியும். துளைகள் இருபத்தொன்பது. 1816-க்குத் துளை கிடையாது, அந்த ஆண்டு அரை டாலர் அடிக்கவேயில்லை. ஜூன் மாதத்தில் எங்கள் பக்கம் பனி கொட்டிய ஆண்டும் அதுதான் என்பதால், அதற்குத் துளை இல்லாததில் லொரீனாவுக்குப் பெரிய நிம்மதி. அந்தக் காலத்து நாணயங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. சில துளைக்குள் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அப்போது நாணயத்தைத் தொடக்கூடாது, பேனாக்கத்தியால் அட்டையைத்தான் மயிரிழை சீவ வேண்டும். இதைவிடப் பெரிய விதி ஒன்று உண்டு: நாணயத்தைத் துலக்கவே கூடாது. வெள்ளி மேல் படியும் கறுப்பு, அழுக்கு அல்ல; அது வெள்ளியின் வயது. தேய்த்தால் போனது போனதுதான். தேவாலயத்தின் நிலவறையில் மாதாமாதம் கூடும் நாணயச் சங்கத்துக்கு எல்பர்ட் ஸ்டானர்ட் தலைவர். பற்பசை போட்டு நாணயம் துலக்கிய ஒருவனைப் பற்றி அவர், "இனிமே அவன் கையில ஸ்பூன்கூடக் குடுக்காதீங்க," என்று சொன்னது இன்றைக்கும் ஊரில் பேச்சு.

ஆண்டுகள் போயின. ஊரும் பழகிக்கொண்டது. 1829-ஐ அழுத்திய வாரம் ஊரெல்லாம் மழை, விட்கோம்ப் வீட்டில் மட்டும் சுள்ளென்று வெயில். தெருவே ஈரத்துணியைக் கொண்டுவந்து அங்கே காயப்போட்டது. 1822 ஜன்னல் உயரத்துக்குப் பனியைக் கொட்டியது. ஹார்லன் ஊராட்சியின் பனி அள்ளும் லாரியை ஓட்டுபவர். அந்த லாரியாலேயே தன் முற்றத்தையும் வழித்துவிட்டார். 1822-இன் பனியை அள்ளுவது ஊராட்சியின் பொறுப்பா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்து, இல்லை என்று தீர்மானம் எழுதப்பட்டது.

1976 முடியும்போது மிச்சம் இருந்தது 1815 மட்டுமே. எல்லாரும் தேடும் அரிய ஆண்டு அது. அதற்குள் ஹார்லனின் கண்கள் மங்கத் தொடங்கியிருந்தன. அடுத்த வசந்தம் வரைதான் பார்வை தாங்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பக்கம் முழுதாக நிறைந்ததை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றார் ஹார்லன். இனி ஓட்டப்போவதில்லை என்று தன் வண்டியை விற்று, ஏலத்தில் 1815-ஐ வாங்கினார். அடுப்புக்கரி மாதிரி கறுப்பாக வந்து சேர்ந்தது. மேசைமேல் வைத்துவிட்டு, "எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"உன் மூக்குக்குக் கீழதான்," என்றாள் லொரீனா.

அவர் சிரித்தார். ஆனால் அந்த முகத்தை லொரீனா பார்த்தாள், அவளுக்குத் தாங்கவில்லை. மறுநாள், கடைசி நாணயம் அழுத்துவதைப் பார்க்க எல்பர்ட்டைக் கூப்பிட ஹார்லன் போயிருந்தபோது, அவள் ஸ்பூன் துலக்கும் சமையல் சோடாவை எடுத்தாள். விதி அவளுக்குத் தெரியாமல் இல்லை. அது விற்பவர்களுக்கான விதி, நாம்தான் விற்கப்போவதில்லையே என்று நினைத்தாள்.

எல்பர்ட் கண்ணாடிபோல மின்னிய நாணயத்தைப் பார்த்ததும், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "முடிஞ்சுது," என்றார். ஹார்லன் கையில் எடுத்தார். வழவழவென்று விரல் வழுக்கியது.

"உனக்குக் கண்ணுக்குத் தெரியட்டும்னுதான் செஞ்சேன்," என்றாள் லொரீனா.

"தெரியுது. நல்லாவே தெரியுது."

அதன் பிறகு மூன்று நாள் அவர் ஆல்பத்தைத் திறக்கவில்லை. லொரீனா சமைத்து வைத்தாள், அவர் சாப்பிட்டார், அவ்வளவுதான். இருபத்தேழு வருஷம் அவளுக்காகக் குளிர்காலம்வரை காத்திருந்தவரின் ஒரே ஆசையைத் தன் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டோம் என்று அவள் தேன்பெட்டிகளிடம் போய் அழுதாள். நாலாம் நாள் காலை ஹார்லன் ஆல்பத்தை மேசைமேல் விரித்து, "கத்தியை எடு. துளை இறுக்கமா இருக்கும்," என்றார். துளையின் விளிம்பு அவருக்குத் தெரியாததால் அவளே அட்டையைச் சீவினாள். அவர் கட்டைவிரலைப் பிடித்து நாணயத்தின் மேல் வைத்தாள். இருவருமாக அழுத்தினார்கள்.

காற்று வரவில்லை, மழை வரவில்லை. வேலிக்குள் வெளிச்சம் வந்தது. சூடு இல்லாத, நிழல் விழாத வெள்ளை வெளிச்சம், லேசாகச் சமையல் சோடா வாசம். அதில் ஹார்லனுக்குத் தன் சட்டைப் பொத்தான் தெரிந்தது, லொரீனாவின் நரைத்த புருவம் தெரிந்தது, துளைகளில் உட்கார்ந்திருந்த நாணயங்களில் பொறித்த இருபத்தொன்பது வெள்ளிப் பெண்களின் தொப்பி மடிப்பும் கன்னமும் தெரிந்தன. ஒவ்வொருத்தியாக விரல் வைத்து எண்ணிவிட்டு, "எல்லாரும் ராத்திரி முழுக்க வண்டியில வந்தவங்க மாதிரி இருக்காங்க. இவ ஒருத்திதான் மூஞ்சி கழுவிட்டு உக்காந்திருக்கா," என்றார். லொரீனா சிரித்தாள், கூடவே அழுகையும் வந்தது.

ஏழு நாள் கழிந்தும் வெளிச்சம் போகவில்லை. தேய்த்ததில் ஆண்டு போய்விட்டதால், எப்போது முடிய வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை என்பது ஊரில் பொதுவான கருத்து. சாயங்காலம் எது என்று தேனீக்கள் குழம்பின. லொரீனா தன் பெட்டிகளை வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுப் புல்வெளிக்கு மாற்றினாள். எல்பர்ட் இப்போதும் 1815-ஐ மட்டும் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் சங்கத்தின் கடிதங்களைப் படிக்க அந்த வீட்டுக்குத்தான் வருகிறார்.

வசந்தத்தில், மருத்துவர் சொன்னபடியே ஹார்லனின் பார்வை போயிற்று. ஆனால் வேலிக்குள், அந்த வெளிச்சத்தில், செய்தித்தாள் படிக்கிறார், ஆப்பிள் மரங்களுக்குக் கவாத்து செய்கிறார். தேன்பெட்டிகளைப் பார்க்கப் போகும்போது மட்டும், வேலிக் கதவருகில் நின்று, லொரீனாவின் கையைப் பிடித்துக்கொள்கிறார்.