ஒரு சாண் உயரம்

ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை, மாணவி யூ-ஜென் தெருவின் படத்தைக் கரும்பலகையில் ஒட்டிவிட்டு ஒரு கடையின் மேல் விரலை வைத்தாள்.

"இதான் டீச்சர். முப்பத்தாறு கடையில இதான் ரொம்ப மோசம்."

அது பன் கடை. சியூ-லான் டீச்சர் பிறந்த வீடு.

ஒன்பது வாரத்துக்குள் கல்லூரி மாணவர்களே ஒரு குறையைத் தேடி, அளந்து, ஆட்களிடம் பேசி, ஏதாவது ஒன்றையாவது மாற்றிக் காட்ட வேண்டும் என்பதுதான் பாடம். போன வருடத்துப் பிள்ளைகள் தலைப்பு தேடியே நான்கு வாரத்தைத் தீர்த்தார்கள். இந்த ஐந்து பேர் இரவல் சக்கர நாற்காலி ஒன்றைக் கடைகளுக்கு முன்னால் இருக்கும் தூண்நடையில் தெரு முழுக்க உருட்டிப் பார்த்திருந்தார்கள். தைனான் நகரத்துப் பழைய தெருக்களில் அந்த நடை ஊருக்குப் பொது, தரை மட்டும் அவரவர் வீட்டுடையது. அறுபது வருடத்துக்கு முன் சியூ-லானின் தாத்தா லியாவ், வெள்ளம் உள்ளே வராமல் தன் தரையை ஒரு சாண் உயர்த்தினார்; நடையில் அங்கே ஒரு படி வந்தது. அந்த வருடத் தண்ணீர் முழுக்கப் பக்கத்து ஹோங் வீட்டுக்குள் போனது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஆனால் 'லியாவ் வீட்டுத் தரை' என்று சொல்லும்போது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தலை சற்று நிமிரும். சியூ-லானுக்கும்தான்.

"இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு. வேற எதாவது சின்னதா எடுத்துக்கலாமே?" என்றாள்.

"கஷ்டமான கதவ மொதல்ல தட்டுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?" என்றான் போ-வெய். "மார்க்குக்குப் பயந்து நாங்களும் நம்பிட்டோம்."

வகுப்பு சிரித்தது. அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"அது எங்க அண்ணன் கடை."

போ-வெய்தான் மெதுவாகக் கேட்டான். "அப்ப பன் ஓசியா, டீச்சர்?"

கோரிக்கை அட்டை தூக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, யாரையும் தெருவில் வைத்துத் தலைகுனிய வைக்கக் கூடாது என்று மூன்று முறை சொல்லி, மாலை மூன்று மணிக்கு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூட்டிப்போனாள்.

தியென்-ஃபு அண்ணனுக்கு எழுபத்தொரு வயது. முதுகு இன்னும் பலகை.

"வாங்க பெரிய டீச்சரம்மா. பொறந்த வீட்ட இடிக்கப் பட்டாளத்தோட வந்திருக்கீங்க போல."

யூ-ஜென் நன்றாகக் குனிந்து வணங்கினாள். "தாத்தா, இந்தப் படியில யாராச்சும் விழுந்திருக்காங்களா?"

"அறுபது வருஷத்துல ஒருத்தர்கூட இல்ல."

சொல்லிவிட்டு அவர் தங்கையைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன் கீரைக் கூடையோடு அம்மா விழுந்தது இங்கேதான். இடுப்பெலும்பு முறிந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டதாகத் தெருவுக்குச் சொன்னார்கள். தாத்தாவின் தரை தன் வீட்டு மருமகளையே தள்ளிவிட்டது என்று ஹோங் வீட்டார் சொல்லிச் சிரிக்க இடம் கொடுப்பதா? கல்லூரியில் கேட்டவர்களிடம் சியூ-லானும் குளியலறை என்றுதான் சொன்னாள். அம்மாவின் சாவு வீட்டிலும் அதையேதான் சொன்னாள்.

"அம்மா விழுந்தாங்க, அண்ணே."

பிள்ளைகள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். பன் வேகும் ஆவிப்பெட்டியின் மூடிமேல் இருந்த அவர் கை அப்படியே நின்றது.

"சின்னப் பசங்க முன்னாடியா?"

"அவங்க கேட்டாங்க. கேக்கச் சொல்லிக் குடுத்ததே நாந்தானே."

அவர் மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார். "தரைய வெட்ட விட மாட்டேன். தாத்தா போட்டது."

"வெட்டவே வேணாம் தாத்தா," என்று யூ-ஜென் காகிதத்தை விரித்தாள். "மரச் சரிவு ஒண்ணு போட்டாப் போதும். ஆனா அது எறங்கி நிக்கறது... பக்கத்து வீட்டுத் தரையில."

அவர் சிரித்தே விட்டார். "அப்ப முடிஞ்சுது கதை."

"நாங்க போய்க் கேக்கறோம் தாத்தா."

"நீங்களா?" அவர் குரல் உயர்ந்தது. "லியாவ் வீட்டுக்காரன் வாய் இல்லாம சின்னப் புள்ளைங்கள அனுப்பினான்னு ஊரு பேசவா? அதுவும் ஹோங் வாசல்ல!"

இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனைக் கழற்றினார். ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையைப் போட்டுக் கழுத்துப் பொத்தான்வரை மாட்டினார். சூடான பன்களை ஒரு பெட்டியில் அடுக்கினார். பின்னாலேயே கிளம்பிய போ-வெய்யின் சட்டையைச் சியூ-லான் பிடித்து இழுத்தாள்.

விளிம்புக்கு வந்தவர் ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, காலால் துழாவி, மெதுவாக இறங்கினார். அவர் தூணைப் பிடிப்பதை அவள் இதுவரை பார்த்ததே இல்லை.

ஹோங் வீட்டுக் கண்ணாடிக் கதவின் முன் நின்றார். பன்னின் ஆவி மூக்குக் கண்ணாடியில் படிந்து வெளுத்தது. இரண்டு கையிலும் பெட்டி. துடைக்க முடியவில்லை. ஒன்றும் தெரியாத கண்களோடு நிமிர்ந்து நின்றபடி, கொஞ்சம் அதிகமாகவே சத்தமாக, "வீட்ல யாரு?" என்றார்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.